தலைப்பில் தெரு, படத்தில் படுக்கையறை: கல்லச்சுக் காலத்துப் பாரிஸ் பற்றி ஒரு விவாதம்

#1 தெருவோரன்

பிரெஞ்சு ஓவியர் ஒனொரே தோமியே வரைந்த ‘ட்ரான்ஸ்நொனான் தெரு, 15 ஏப்ரல் 1834’ என்ற கல்லச்சுப் படம் (லித்தோகிராஃப், அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்சடிப்பது) இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். நேற்று ராத்திரி அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. தலைப்பில் தெருவின் பெயர் இருக்கிறது, படத்தில் தெருவே இல்லை. ஒரு படுக்கையறை. இரவுச் சட்டையும் குல்லாவும் போட்ட ஒருவர் கட்டிலில் முதுகு சாய்ந்தபடி தரையில் சரிந்து கிடக்கிறார். அவர் உடம்புக்கு அடியில் ஒரு குழந்தை. இடப்பக்க இருட்டில் ஒரு பெண்ணின் உடல், வலது ஓரத்தில் ஒரு கிழவரின் தலை. கவிழ்ந்த நாற்காலி. அவ்வளவுதான்.

நடந்தது இது. லியோனில் கிளம்பிய கலகம் பாரிசுக்கும் பரவியது. அந்தத் தெருவின் 12-ஆம் எண் வீட்டிலிருந்து யாரோ சுட்டதாகச் சொல்லிப் படைவீரர்கள் உள்ளே புகுந்து, தூக்கத்தில் இருந்தவர்களைக் கொன்றார்கள். தோமியே தடுப்பரணை வரையவில்லை, துப்பாக்கியை வரையவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கதவைத் திறந்தவன் கண்ணில் பட்டிருக்கக்கூடியதை மட்டும் வரைந்தார். அதே வருஷம் அச்சாகி வெளியே வந்துவிட்டது.

என் கேள்விக்கு வருகிறேன். 19-ஆம் நூற்றாண்டில் தெருவும் அன்றாட வாழ்க்கையும் படத்துக்குள் திமுதிமுவென்று நுழைந்ததற்கு இந்தக் கல்தான் காரணம் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் வரலாம்.

#2 மெஷின்ரூம்

ஓவியம் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. சிவகாசியில் ஆஃப்செட் மெஷினில் 26 வருஷம் நின்றவன் என்ற முறையில் கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. மொத்த ரகசியமும் அதுதான். பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் பக்கம் கிடைக்கும் வழவழப்பான சுண்ணாம்புக்கல்லை எடுத்து, மெழுகு, கொழுப்பு, சோப்பு, விளக்குக்கரி சேர்த்துச் செய்த குச்சியால் அதன்மேல் வரைவார்கள். மேலே கம் அராபிக் என்கிற வேலம்பிசினோடு சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். பிறகு டர்பன்டைன் விட்டுத் துடைத்தால் கறுப்பு போய்விடும், படமே அழிந்த மாதிரி இருக்கும். ஆனால் கொழுப்பு கல்லுக்குள் இறங்கியிருக்கும். ஈர ஸ்பாஞ்சால் ஒற்றிவிட்டு மை ரோலரை உருட்டினால், வெறும் இடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையைத் தள்ளும், வரைந்த இடம் மையைப் பிடிக்கும்.

நாங்கள் இன்றைக்கும் வேலை முடிந்ததும் பிளேட்டுக்கு அதே கம்மைப் பூசித்தான் வைப்போம். தண்ணி கூடினால் படம் வெளுக்கும், குறைந்தால் பக்கம் முழுக்க அழுக்குப் பிடிக்கும். கண்டுபிடித்த அலோய்ஸ் செனஃபெல்டரும் இதே தலைவலியோடுதான் இருந்திருப்பார். 1796-ல் அம்மா சொன்ன சலவைத் துணிக் கணக்கை எழுதக் காகிதம் கிடைக்காமல் கல்லில் எழுதிவைத்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

செம்பு என்றால் வெட்ட வேண்டும். மரம் என்றால் செதுக்க வேண்டும். கல்லில் வரைந்தால் போதும். அதனால் தெருவோரன் சொல்வதில் விஷயம் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

#3 செப்புத்தகடு

மன்னிக்கவும், நான் மறுக்கும் கட்சி. பெயரைப் பார்த்தாலே தெரியுமே.

ஆங்கில ஓவியர் ஹோகார்த் செம்பில் போட்ட ‘ஜின் லேன்’ 1751. லண்டன் தெரு, குடிபோதையில் கைக்குழந்தையை நழுவவிடும் தாய், அடகுக்கடை, சவப்பெட்டி எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். கல்லச்சு பிறக்கவே இன்னும் 45 வருஷம் இருந்தது. கூவி விற்பவர்களை வரிசையாக வரைந்து விற்கும் பழக்கம் பாரிசிலும் லண்டனிலும் அதற்கும் முன்னால் இருந்தே உண்டு. பிரெஞ்சு ஓவியர் கார்ல் வெர்னே அதே பழைய சரக்கைக் கல்லில் போட்டுப் ‘பாரிஸ் கூவல்கள்’ என்று 100 தாள் கொண்டுவந்தார். கல் புதிது, பால்காரியும் கத்தி சாணை பிடிப்பவனும் பழையவர்கள். தெருவைப் படத்துக்குள் கொண்டுவந்தது கல் என்றால் ஹோகார்த்தை எங்கே வைப்பது?

#4 தெருவோரன்

ஹோகார்த்தை மறந்துவிட்டு எழுதியது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன்.

ஹோகார்த் ஒரு தாள் போட்டால் அது ஒரு நிகழ்ச்சி. தோமியேக்கு அது தினப்படி வேலை. பதிப்பாளர் சார்ல் ஃபிலிபோன் 1832 டிசம்பரில் ‘ல ஷாரிவாரி’ என்ற கேலிப்பட நாளிதழைத் தொடங்கியபோது வாசகர்களுக்குக் கொடுத்த வாக்கு, தினமும் ஒரு புதுப் படம். செம்புத்தகட்டை வைத்துக்கொண்டு யாராலும் அந்த வாக்கைக் கொடுக்க முடியாது. தோமியே வாழ்நாளில் 4000-க்குச் சற்றுக் குறைவாகக் கல்லச்சுப் படங்கள் போட்டார். தினமும் புதிதாக ஒன்று வேண்டும் என்றால் புராணக் கதையும் போர்க்களமும் எத்தனை நாளைக்கு வரும்? வாசலைத் திறந்து வெளியே பார்த்தே ஆக வேண்டும். மழையில் திரும்பிக்கொள்ளும் குடை, பேருந்துக் குதிரைவண்டியில் நெரிசல், வீட்டுக்காரனிடம் வாடகைக்குத் தவணை கேட்பவன்.

#5 செப்புத்தகடு

அப்படியென்றால் காரணம் கல் இல்லை, பத்திரிகை. இதற்கு ஒரு சாட்சியும் வைத்திருக்கிறேன்.

ஜார்ஜ் ஷார்ஃப் என்று ஒருவர். பவேரியாக்காரர், கல்லச்சுத் தொழில் தெரிந்தவர், 1816-ல் லண்டன் வந்து சேர்ந்தார். முன்னும் பின்னும் விளம்பரப் பலகை மாட்டிக்கொண்டு நடக்கும் ஆட்கள், கடைப் பெயர்ப்பலகைகள், தெருவில் விற்பவர்கள், இடிக்கும் வீடுகள் என்று அந்த ஊரின் தெருக்களை அவர் அளவுக்கு உட்கார்ந்து வரைந்தவர்கள் குறைவு. கையில் கல் இருந்தது, கண்ணெதிரே தெரு இருந்தது. ஆனால் பிழைப்புக்காகக் கல்லில் அவர் போட்டது பெரும்பாலும் மற்றவர்கள் கேட்ட வேலை. தெரு நோட்டுப்புத்தகத்திலேயே தங்கிவிட்டது. அவர் இறந்தபின் மனைவி 1862-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்றார். லண்டனில் ஷார்ஃபுக்கு ஒரு ஃபிலிபோன் கிடைக்கவில்லை.

#6 நித்யகல்யாணி

நல்ல சாட்சி. ஆனால் இரண்டு பேரும் சட்டத்தை விட்டுவிட்டீர்கள். தோமியே தெருவுக்கு ஆசைப்பட்டுப் போனவர் இல்லை, துரத்தப்பட்டவர்.

முதலில் அவர் நேரடி அரசியல்தான் வரைந்தார். 1831-ல் ‘கார்கான்துவா’. லூயி-ஃபிலிப் அரசர் பூதம் போல மலம் கழிக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஏழைகளின் காசு கூடை கூடையாகப் பலகை வழியாக அவர் வாய்க்குள் ஏறுகிறது. கீழே இறங்குவது பதவிகளும் பட்டங்களும். அதற்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். 1832-ல் உள்ளே போனார்.

‘ட்ரான்ஸ்நொனான் தெரு’வும் சும்மா வந்த படம் இல்லை. அபராதத்துக்கு மேல் அபராதம் விழுந்துகொண்டிருந்ததால், அதைக் கட்டப் பணம் சேர்க்க ஃபிலிபோன் மாதம் ஒரு பெரிய தாள் என்று சந்தா வாங்கினார். அந்த வரிசையில் 24-ஆவது, கடைசித் தாள் இது. அபராதம் கட்டப் போட்ட படமே அரசாங்கத்தை இன்னும் எரிச்சலூட்டியது. கல்லையும், கைக்குக் கிடைத்த தாள்களையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. இது கேலிச்சித்திரம் அல்ல, நம் வரலாற்றின் இரத்தக்கறை படிந்த பக்கம் என்ற பொருளில் ஃபிலிபோன் எழுதினார்.

1835 ஜூலையில் ஃபியஸ்கி என்பவன் அரசரைக் கொல்ல முயன்றான். அதைச் சாக்காக வைத்து செப்டம்பரில் புதுச் சட்டங்கள் வந்தன. இனி எந்தப் படமும் முன்அனுமதி இல்லாமல் வரக் கூடாது. பத்திரிகை எழுத்துக்கு இந்த முன்தணிக்கை இல்லை, படத்துக்கும் நாடகத்துக்கும்தான். அமைச்சர் தரப்பு சொன்ன நியாயம் சுவாரசியமானது: எழுதுவது கருத்து, படம் கண்ணோடு பேசுவதால் அது ஒரு செயல், ஆகவே கருத்துரிமை அதற்குப் பொருந்தாது. ஓவியத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டை எந்த விமர்சகரும் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை!

அதற்குப் பிறகுதான் தோமியே வக்கீல்கள், வைத்தியர்கள், வீட்டு முதலாளிகள், ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிப்பவர்கள் பக்கம் திரும்பினார். 1836-ல் ‘ரொபேர் மக்கேர்’ வரிசை தொடங்கியது. மேடையில் பிரபலமான ஒரு மோசடிப் பேர்வழியை எடுத்து, ஒரு படத்தில் பங்கு விற்பவனாக, இன்னொன்றில் வக்கீலாக, வேறொன்றில் வைத்தியனாக ஊர் முழுக்க நடக்கவிட்டார்கள். அரசரை வரையக் கூடாது, சரி. அரசர் காலத்தில் யார் கொழிக்கிறார்கள் என்று வரையலாமே.

#7 கூழாங்கல்

அப்போ செப்டம்பர் சட்டம் போட்ட அமைச்சருக்குத்தான் அன்றாட வாழ்க்கை ஓவியப் பிரிவில் முதல் பரிசு. மாலையை யார் வாங்கி வருகிறீர்கள்?

#8 செப்புத்தகடு

மாலைச் செலவு என்னுடையது.

ஆனால் நித்யகல்யாணி, இன்னொன்று கவனித்தீர்களா? கல்லச்சில் வரும் தோமியேயின் தெருவில் யார் நடக்கிறார்கள்? தொப்பியும் கோட்டும் போட்ட நடுத்தர வர்க்கம். ஷாரிவாரிக்குச் சந்தா கட்டுபவர்களும் அவர்கள்தான், சிரிப்புக்கு ஆளாகிறவர்களும் அவர்கள்தான். தோமியே செயின் நதியில் உள்ள தீவில், அஞ்ஜூ கரையில் பல வருஷம் குடியிருந்தார். சலவைப் படகுகளிலிருந்து ஈரத்துணி மூட்டையோடு பெண்கள் படியேறி வருவது அவர் பார்க்கிற தூரத்தில்தான். அந்தச் சலவைக்காரியை எண்ணெய் வண்ணத்தில் திரும்பத் திரும்ப வரைந்தார். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் கிழவியை அவர் மனம் ஊன்றி வரைந்ததும் வண்ணத்தில்தான். விற்பனைக்கும் சிரிப்புக்கும் கல், அவருடைய சொந்த மனசுக்குக் கித்தான். கல்தான் ஏழையைப் படத்துக்குக் கொண்டுவந்தது என்றால் தோமியேயே அதற்கு எதிர்ச் சாட்சி.

#9 நித்யகல்யாணி

இதை யோசிக்க எனக்கு ஒரு நாள் பிடித்தது. முழுக்க மறுக்க முடியவில்லை. ஆனால் ஏழையைக் கல்லில் போட்டவர் ஒருவர் இருக்கிறார். தோமியேக்கும் முன்னால்.

பிரெஞ்சு ஓவியர் தியோடர் ஜெரிகோ 1820-ல், கப்பல் உடைந்து தெப்பத்தில் தவித்தவர்களைக் காட்டும் ‘மெடூசா தெப்பம்’ ஓவியத்தோடு லண்டன் வந்தார். பிக்காடிலியில் எகிப்தியன் ஹால் என்ற கண்காட்சிக் கூடத்தில் காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள், சுமார் 40,000 பேர் பார்த்தார்கள். ஐந்து மீட்டர் உயரம், ஏழு மீட்டர் அகலம் கொண்ட ஓவியத்தைக் காட்டி வரும்படி பார்த்த அதே மனிதர், மறுவருஷம் மேசையில் வைத்துப் பார்க்கிற அளவில் ஒரு கல்லச்சுத் தொகுப்பு போட்டார். சார்ல்ஸ் ஹல்மண்டல் அச்சடித்தது. அட்டைத்தாள் தவிர 12 படங்கள், பெரும்பாலும் குதிரைகள், வண்டிகள், லாடம் அடிப்பவர்கள். அவற்றுக்கு நடுவே மூன்று படங்கள் லண்டன் தெரு ஏழைகளைப் பற்றியவை.

ஒன்றில் ரொட்டிக்கடை ஜன்னலுக்குக் கீழே ஒரு கிழவர் சுவரோடு சுவராகச் சரிந்து கிடக்கிறார். மேலே ரொட்டி, கீழே அவர், பக்கத்தில் ஒரு நாய். அந்தக் காலத்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த ஒரு பிச்சைக்காரர் பாட்டின் முதல் அடிகளைத் தலைப்பாக வைத்திருக்கிறார். பாட்டைக் கேட்டால் கண்ணீர் வரும். படத்தில் கிழவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை, கேட்கும் தெம்பைத் தாண்டிவிட்டார். இன்னொன்றில் சக்கர நாற்காலியில் பக்கவாதம் வந்த ஒரு பெண். குழந்தையோடு கடந்து போகும் இளம்பெண் ஒருத்தி ஒதுங்கித் திரும்பிப் பார்க்கிறாள். பரிதாபம், பயம், அருவருப்பு மூன்றும் அந்தத் திரும்பலில் இருக்கிறது. மூன்றாவது, நாயோடு நடக்கும் குழல் ஊதுபவர்.

இவற்றில் சிரிப்பு கிடையாது. கார்ல் வெர்னேயின் கூவி விற்பவர்களைப் போல அழகாகச் சட்டை போட்டு நிற்கவும் இல்லை. குச்சியின் பொரபொரப்பான கோடு அந்தச் சுவரையும் மூடுபனியையும் செய்திருக்கிற மாதிரி செம்புக்கோடு செய்திருக்காது என்பது என் கட்சி. கல் தெருவைக் கண்டுபிடிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெருவின் அழுக்கைக் கண்டுபிடித்தது.

#10 செப்புத்தகடு

கடைசி வரிக்காக அரை மதிப்பெண் தருகிறேன். ரெம்பிராண்டின் பிச்சைக்காரர்கள் செம்பில்தான் இருக்கிறார்கள் என்பதால் மீதி அரை கிடையாது.

#11 மெஷின்ரூம்

ஒரு சந்தேகம். கல்லிலிருந்து நேராகத் தாளுக்குப் போனால் இடம் வலமாகிவிடுமே. ஆஃப்செட்டில் பிளேட்டிலிருந்து ரப்பர் பிளாங்கெட்டுக்குப் போய் அதிலிருந்து தாளுக்கு வருவதால், பிளேட்டில் நேராகவே படிக்கலாம். கல்லில் தெருவைப் பார்த்தபடியே வரைந்தால் வலக்கைக்காரன் எல்லாம் இடக்கைக்காரன் ஆகிவிடுவான், கடைப் பலகை எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பிப் போகும். அந்தத் தெருப் படங்களை ‘அந்தக் காலத்து சாட்சி’ என்று நம்பலாமா?

#12 தெருவோரன்

நல்ல கேள்வி அண்ணே. கண்ணாடியில் பார்த்து வரைவது ஒரு வழி. கொழுப்பு மையால் தாளில் வரைந்து அந்தத் தாளைக் கல்லில் ஒற்றி மாற்றுவது இன்னொரு வழி, அது செனஃபெல்டர் காலத்திலேயே உண்டு. எழுத்தைத் திருப்பி எழுதுவதையே பிழைப்பாக வைத்திருந்த ஆட்களும் இருந்தார்கள். சொல்லப்போனால் தோமியேயின் படங்களுக்கு அடியில் இருக்கும் வசனங்களில் பெரும்பாலானவை அவர் எழுதியதே இல்லை, ஃபிலிபோனும் பத்திரிகை ஆட்களும் எழுதியவை. படத்தை மட்டும் பார்க்கச் சொல்லி வசனத்தை விரலால் மறைத்துக்கொள்வது என் பழக்கம்.

இடம் வலம் மாறியது பெரிய பிரச்சினை இல்லை. ட்ரான்ஸ்நொனான் தெருவே பிறகு இல்லாமல் போனது, பொபூர் தெருவோடு சேர்த்துவிட்டார்கள். நகர நிர்வாகி ஓஸ்மான் பாரிசை இடித்துக் கட்டிய காலத்தில் தோமியே போட்ட ஒரு படம் உண்டு. பாதி இடித்த கட்டடத்தின் முன்னால் ஒரு வயதான தம்பதி. சுவர் போய்விட்டது, உள்ளே இருந்த அறை வெளியே தெரிகிறது. தாங்கள் கல்யாணமான புதிதில் இருந்த அறை அது என்று கணவர் காட்டுகிறார். ஒரு வீட்டின் உள்பக்கம் தெருவாகிவிட்டதை 1834-ல் அழுதுகொண்டே வரைந்தவர், இருபது வருஷம் கழித்துச் சிரித்துக்கொண்டே வரைந்திருக்கிறார்.

#13 பரண்

இவ்வளவு தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில் என் கதையையும் கேட்டுவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்னால் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ‘தோமியே அசல்’ வாங்கினேன். வந்தது பளபள தாள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பூப் பூவாகப் புள்ளிகள். திருப்பி அனுப்ப வழியில்லை. இப்போது வேறொரு இடத்தில் ஷாரிவாரி தாள் ஒன்று வருகிறது. மலிவு, ஆனால் பின்பக்கம் முழுக்க அச்செழுத்து. இதுவும் ஏமாற்றா?

#14 மெஷின்ரூம்

பூப் பூவான புள்ளி என்றால் நம்ம ஆஃப்செட் நாலு கலர் வேலை. சந்தேகமே வேண்டாம். கல்லச்சில் லென்ஸ் வைத்தால் கல்லின் மணல் பொரி தெரியும், குச்சி ஓடிய இடத்தில் ஒழுங்கில்லாமல் மை இருக்கும்.

#15 நித்யகல்யாணி

பின்பக்கம் எழுத்து இருந்தால் பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். ஷாரிவாரி நாலு பக்கப் பத்திரிகை. வழக்கமாகப் படம் மூன்றாம் பக்கத்தில் வரும், அதன் முதுகில் நாலாம் பக்கம். படம் கல்லில் ஒரு முறை, எழுத்து ஈய அச்சில் ஒரு முறை என்று ஒரே தாள் இரண்டு இயந்திரம் ஏறி இறங்கும். 1870 வாக்கில் படத்தை உலோகத் தகட்டுக்கு மாற்றி எழுத்தோடு சேர்த்து அடிக்கத் தொடங்கினார்கள், அந்தத் தாள்களில் கோடு கொஞ்சம் முரடாக இருக்கும். சேகரிப்பவர்கள் பின்பக்கம் வெறுமையாக, நல்ல தாளில் தனியாக அடித்த பிரதிகளுக்குத்தான் அதிகம் கொடுப்பார்கள். எனக்கு எழுத்து உள்ளதுதான் பிடிக்கும். காபிக் கடையில் கை மாறியது அதுதானே.

கல் கிடைக்குமா என்று தேட வேண்டாம். அடித்து முடித்ததும் ஒரு கல்மேல் இன்னொரு கல்லை வைத்து, மணலும் தண்ணீரும் விட்டு அரைத்து, அடுத்த படத்துக்குத் தயார் செய்துவிடுவார்கள்.

#16 கூழாங்கல்

மாவாட்டுகிற மாதிரி தோமியேயை ஆட்டியிருக்கிறார்கள்.

நம்ம பக்கம் ஏதாவது உண்டா? சென்னையில்?

#17 செப்புத்தகடு

உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் வரைவாளராக இருந்த ஜான் கான்ட்ஸ் என்பவரும் அவர் மகனும் சென்னையில் கல்லச்சுக்கூடம் வைத்திருந்தார்கள். 1827-ல் இங்கத்து மக்களையும் தொழில்களையும் கல்லச்சில் போட்டு ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். ஷாரிவாரிக்கு ஐந்து வருஷம் முன்னால். ஆனால் அது இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் காட்டுவதற்காக வாங்கும் வகை. வரையப்பட்டவர் வாங்கிப் பார்த்துத் தன்னைப் பார்த்தே சிரிக்கிற தெரு அதில் கிடையாது. வேறு இழையில் பேசலாம், இங்கே திசை மாறிவிடும்.

#18 தெருவோரன்

என் முதல் கேள்விக்கே ஒரு படம் பதில் சொல்கிறது, அதை இங்கே போட்டுவிடுகிறேன். த்ராவியேஸ் என்ற கேலிச்சித்திரக்காரர் 1831 டிசம்பரில், ஃபிலிபோனின் இன்னொரு பத்திரிகையான ‘லா காரிகாத்யூர்’ இதழில் வரைந்தது. வேரோ-தோதா என்ற கூரை வேய்ந்த கடைவீதியில் ஃபிலிபோனின் மைத்துனர் ஓபேர் வைத்திருந்த படக்கடை. ஜன்னலில் தாள் தாளாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வெளியே கூட்டம் எக்கி எக்கிப் பார்க்கிறது. ஒருவர் அரசாங்கத்தின் தலை ரொம்ப வேடிக்கையாக இருக்கிறது என்கிறார். அந்தத் தலை ஒரு பேரிக்காய், அதாவது அரசர். காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் அங்கே நின்று பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். செப்புத்தகடு கேட்ட ‘யாருடைய தெரு’ என்பதற்கு இந்த ஜன்னலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சந்தாதாரர் வேறு, பார்த்தவர் வேறு.

#19 நித்யகல்யாணி

அந்த ஜன்னல் கடைசியில் சுவராகவே ஆகிவிடுகிறது. 1871-ல் கம்யூன் என்ற பாரிஸ் கலக அரசு ஒடுக்கப்பட்ட பிறகு ஓவியர் மனே ‘உள்நாட்டுப் போர்’ என்று ஒரு கல்லச்சு செய்தார். தடுப்பரணுக்குக் கீழே செத்துக் கிடக்கும் படைவீரர். ட்ரான்ஸ்நொனானைப் பார்த்தவர்களுக்கு அந்த உடல் பழக்கமானதாக இருக்கும், ஆனால் இந்த முறை பிணம் அறைக்குள் இல்லை, தெருவிலேயே கிடக்கிறது. பத்து வருஷம் கழித்து 1881 ஜூலை 29-ல் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் வந்தது, சுவரொட்டிக்கும் கட்டு தளர்ந்தது. சுவரொட்டி ஓவியர் ஷெரே பல கற்களில் வண்ண வண்ணமாக அடித்த ஆள் உயரப் படங்கள் பாரிஸ் சுவர்களில் ஏறின. இன்றைக்கும் அங்கே பழைய சுவர்களில் ‘விளம்பரம் ஒட்டக் கூடாது, 29 ஜூலை 1881 சட்டம்’ என்று எழுதியிருக்கும். சுதந்திரம் கொடுத்த சட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் அந்தத் தடையும்.

#20 பரண்

தாள் வந்துவிட்டது. குதிரைவண்டிக்குக் காத்திருந்து மழையில் நனையும் ஒரு குடும்பம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், புள்ளி இல்லை, மெஷின்ரூம் அண்ணன் சொன்ன மணல் பொரிதான். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பின்பக்க விளம்பர எழுத்துகள் மழைக்கு நடுவே திருப்பிப் போட்டுத் தெரிகின்றன. ஃபிரெஞ்சு தெரிந்தவர்கள் யாராவது படித்துச் சொன்னால் படம் எடுத்துப் போடுகிறேன். என்னத்தையோ குணமாக்கும் மருந்து என்று மட்டும் புரிகிறது.